லிபர்ட்டி சந்தியும் கலரி டிக்கெட்டும்
கொழும்பு நகரத் திரையரங்குகள்: சில நினைவுகள், சில காரணங்கள்

சென்ற தவணையில் பத்தாந்தர மாணவர்களுக்கு 'நான் பார்த்த திரைப்படம்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். முப்பத்தாறு பேர் எழுதினார்கள். படத்தைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஒருவன்கூடத் தியேட்டரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வகுப்பில் விசாரித்தேன். தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரும் பார்த்தது கடைத்தொகுதிகளுக்குள் இருக்கும் புதிய அரங்குகளில். மற்ற எல்லாருக்கும் படம் என்பது கையில் உள்ள போனில் ஓடுவது. நான் பேச்சுவாக்கில் 'கலரி' என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், கலரி என்டா என்ன?" என்று கேட்டான்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு வகுப்பில் சொல்லி முடிக்க முடியாத விடை. கொழும்பு நகரத்தின் பெரிய திரையரங்குகள் எப்படித் தேய்ந்தன, ஏன் தேய்ந்தன, அதனால் எங்கட சமூகம் எதை இழந்தது என்பதை, தெரிந்த வரலாற்றோடும் எங்கட வீட்டு நினைவுகளோடும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறேன். சினிமா நல்லதா கெட்டதா என்ற மார்க்கத் தீர்ப்பு என் வேலையல்ல. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நடந்ததைப் பதிந்து வைப்பது வேறு விசயம்.

பெயர் மட்டும் மிஞ்சிய சந்திகள்

நான் பிறந்து வளர்ந்தது கொள்ளுப்பிட்டியில். காலி வீதியால் 100, 101ஆம் இலக்க பஸ்கள் வரும். கொள்ளுப்பிட்டிச் சந்தையில் இருந்து தர்மபால மாவத்தைப் பக்கம் நடந்தால் லிபர்ட்டி. வட்டச் சந்திக்கு 'லிபர்ட்டி சந்தி' என்று பெயர் வந்தது அந்தத் தியேட்டரால்தான். எதிரே எழும்பிய லிபர்ட்டி பிளாசாவும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. இன்று அங்கே இறங்குகிற பிள்ளைகள் லிபர்ட்டி என்றால் கடைத்தொகுதி என்றுதான் நினைக்கிறார்கள்.

பம்பலப்பிட்டியிலும் இதே கதை. மெஜஸ்டிக் தியேட்டர் நின்ற காணியில் 1991இல் மெஜஸ்டிக் சிட்டி திறக்கப்பட்டது. தியேட்டர் அதன் மேல்மாடிக்குப் போனது. தரையில் நின்ற தியேட்டருக்குப் பக்கத்தில் கடை இருந்த காலம் போய், கடைகளுக்கு மேலே தியேட்டர் இருக்கிற காலம் வந்தது. இந்த இடமாற்றத்தை விளங்கிக்கொண்டால் கதையின் பாதி விளங்கிவிடும்.

மெஜஸ்டிக்கை நடத்திய சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1928இல் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினரால் தொடங்கப்பட்டது. கோட்டையில் லேக் ஹவுசுக்கு அருகே இருக்கும் ரீகல் தியேட்டரும் அவர்களுடையது. ரீகலுக்கு முன்னால் போகும் வீதி இன்று கார்டினரின் பெயரில்தான் இருக்கிறது. அதே நிறுவனம் 1981இல் கார்கில்ஸை வாங்கியது. 1983இல் கார்கில்ஸ் தனது முதலாவது சுப்பர் மார்க்கட்டைத் திறந்தது. படம் காட்டிப் பெருகிய ஒரு நிறுவனம் பலசரக்குப் பக்கம் திரும்பிய ஆண்டுகள் அவை. வியாபாரிகளுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது மற்றவர்களை விட முந்தித் தெரியும்.

பைஸ்கோப் காலம்

எங்கட உம்மும்மா கடைசி வரை 'படம்' என்று சொன்னதில்லை. அவருக்கு அது 'பைஸ்கோப்'. சிங்களத்திலும் அதே சொல்தான். இரண்டு பாஷைக்காரரும் ஒரே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்த காலத்தின் சொல் அது.

கொழும்பின் தியேட்டர் வரலாறே அப்படிக் கலந்துதான் இருந்தது. மருதானை எல்பின்ஸ்டனை 1925இல் கட்டியது கல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ், ஒரு பார்சி நிறுவனம். முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ' 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு கிங்ஸ்லி தியேட்டரில் திரையிடப்பட்டது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956 டிசம்பரில் ரீகலில் முதல் காட்சி கண்டது. சிங்களத் திரைப் பாடல்களுக்குக் குரல் கொடுத்த மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்த முஸ்லிம். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் பந்தல்களில் கேட்கின்றன. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படமான 'கோமாளிகள்' (1976) வானொலி நாடகத்தில் இருந்து பிறந்தது. அதில் எங்கட பி.எச். அப்துல் ஹமீதும் நடித்திருந்தார்.

ஹிந்திப் படங்களுக்குக் கொழும்பு முஸ்லிம் வீடுகளில் தனி இடம் இருந்தது. திலீப் குமாரின் சொந்தப் பெயர் யூசுப் கான் என்பதும், ரஃபி, நௌஷாத் எல்லாம் நம்மவர்கள் என்பதும் அந்தத் தலைமுறைக்கு ஒரு சின்னப் பெருமை. ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலாவுக்கு இந்தியாவே காது கொடுத்தது. அது கொழும்பில் இருந்து போன ஒலிபரப்பு.

பெருநாளும் படமும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. நோன்பு மாதம் முழுக்க ஒருவரும் தியேட்டர் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். பெருநாள் தொழுகை முடிந்து, பெரியவர்கள் கொடுக்கிற பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் இளந்தாரிகள் இரண்டரை மணிக் காட்சிக்குப் பறப்பார்கள். பள்ளிவாசலில் காலையில் முஸாபஹா செய்தவர்கள் பின்னேரம் கலரியில் திரும்பவும் சந்தித்துக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் கண்டது வீட்டுக்குத் தெரிய வராது. அது எழுதாத ஒப்பந்தம்.

கலரியில் படித்த தமிழ்

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பழைய தியேட்டர்களில் இருக்கைகள் விலைப்படி பிரிந்திருந்தன. திரைக்கு மிகக் கிட்ட இருந்ததுதான் கலரி. அதற்குத்தான் விலை குறைவு. பல இடங்களில் வெறும் வாங்கு. கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் செகண்ட் கிளாஸ், பிறகு ஓ.டி.சி., மேலே பால்கனி, சில தியேட்டர்களில் பொக்ஸ். குடும்பமாக வருகிறவர்கள், முக்காடு போட்ட எங்கட பெண்கள் எல்லாரும் பால்கனிக்குப் போவார்கள். சுவரோரமாக இடம் பிடித்து, விளக்கு அணைந்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்போம் என்று உம்மும்மா சொல்வார். கலரியில் கச்சான் கோது காலடியில் நொறுங்கும். விசில், கைதட்டல், வசனத்தை நடிகருக்கு முந்திச் சொல்கிற ஆட்கள் எல்லாம் அங்கேதான்.

எங்கட வாப்பா அந்தக் கலரியின் ஆள். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தை ஒரு சொல் தவறாமல் சொல்வார். அந்தப் படம் கொழும்பு மைலன் தியேட்டரில் மாதக்கணக்கில் ஓடியது. வாப்பா பார்த்தது பிறகு திரும்பத் திரும்பப் போட்ட காலங்களில். வீட்டில் நாங்கள் பேசிய தமிழ் ஒன்று, வாப்பா வசனம் சொல்லும்போது வருகிற தமிழ் இன்னொன்று. லகர ளகரம் தப்பாது. மூச்சு விடுகிற இடம் சரியாக இருக்கும்.

பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்தபோது, மேடைப் பேச்சு நடையும் திரைப்பட வசன நடையும் ஒன்றை ஒன்று எப்படி வளர்த்தன என்று விரிவுரையாளர் விளக்கினார். எனக்கு அது புதுசாக இருக்கவில்லை. அந்தப் பாடத்தை நான் வீட்டுக் கூடத்தில் முதலே கேட்டிருந்தேன்.

நான் தியேட்டரில் பார்த்து மனதில் நின்ற முதல் படம் 'பாவ மன்னிப்பு'. 1961இல் வந்த படம். நான் பார்த்தது எண்பதுகளின் நடுவில், கொட்டாஞ்சேனை செல்லமஹாலில், வாப்பாவின் மடியில் பாதியும் வாங்கில் பாதியுமாக. முஸ்லிம் வீட்டில் வளர்கிற பிள்ளையாகச் சிவாஜி வருவார். டி.எம். சௌந்தரராஜனோடு நாகூர் ஹனிபாவின் குரல் சேரும் பாட்டு வந்தபோது தியேட்டரே கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் நெற்றியில் திருநீறு பூசியவர். அவரும் தட்டினார். அது 1983க்குப் பிந்திய கொழும்பு என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. வாப்பாவுக்கு விளங்கியிருக்கும்.

ஏன் தேய்ந்தன?

ஒரே காரணம் சொல்கிறவர்கள் தொலைக்காட்சியைச் சொல்வார்கள். அது பாதி உண்மை. காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

முதலாவது, படங்களின் வரத்து. 1971ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தால் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவாகி, 1972இல் இயங்கத் தொடங்கியது. படங்களை இறக்குமதி செய்வதும் விநியோகிப்பதும் அதன் கைக்குப் போனது. உள்ளூர்ச் சினிமாவை வளர்ப்பது நோக்கம். அந்த நோக்கத்தில் பிழை காண முடியாது. சிங்களச் சினிமா அதனால் பயனும் பெற்றது. ஆனால் தென்னிந்தியப் படங்களை நம்பி இருந்த தியேட்டர்களுக்குப் புதுப் படம் அரிதாயிற்று. பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களே சுற்றிச் சுற்றி ஓடின. இரண்டாயிரம் ஆண்டளவில் அந்தத் தனியுரிமை தளர்ந்தபோது பார்வையாளர்கள் வேறு பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

இரண்டாவது, 1983 ஜூலை. அந்தக் கிழமையில் எரிந்தவை வீடுகளும் கடைகளும் மட்டுமல்ல. கொம்பனித்தெருவில் 1965இல் திறந்த றியோ தியேட்டர், 70 மில்லிமீற்றர் படம் காட்டும் வசதியோடு கட்டப்பட்டது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் உழைப்பு. அதுவும் பக்கத்தில் இருந்த அவர்களது ஹோட்டலும் தீக்கிரையாயின. ஹெந்தலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளே சாம்பலாயின. அந்தக் குணரத்தினமும் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தியேட்டர் நடத்துவது பெரிய முதல் போட்டு, நீண்ட காலம் காத்திருந்து எடுக்கிற தொழில். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத ஊரில் அந்த முதலை யார் போடுவார்?

மூன்றாவதில் எங்கட கையும் இருக்கிறது. 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரமும் வளைகுடா வேலைவாய்ப்பும் சேர்ந்து வீடுகளுக்கு வீடியோ 'டெக்' கொண்டு வந்தன. சவூதியில் இருந்து வருகிற மாமாவின் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று கேட்டால், பேரீச்சம்பழம், ஸம்ஸம், முஸல்லா, ஒரு டெக் என்று எங்கட ஒழுங்கைப் பிள்ளைகள் சொல்வார்கள். டெக் இல்லாத வீட்டுக்காரர் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று கெசட் வாங்கி, விடிய விடியப் பார்ப்பார்கள். முஸ்தபா அக்காதின் 'தி மெஸேஜ்' படத்தை எங்கட ஒழுங்கையே ஒரு வீட்டில் கூடிப் பார்த்தது. நபிகளாரின் (ஸல்) உருவமும் குரலும் காட்டாமல் அந்தப் படம் எடுக்கப்பட்டிருந்ததால் தியேட்டருக்குப் போகாத மூத்தவர்களும் வந்து இருந்தார்கள். பெண்களுக்கு டெக் பெரிய வசதி. பால்கனியின் மூலையைத் தேட வேண்டியதில்லை. கொழும்பில் குடும்பப் பார்வையாளர்களைத் தியேட்டரில் இருந்து முதலில் வெளியே எடுத்தவர்களில் நாங்களும் உண்டு.

நான்காவது, பயம். 1987இல் இருந்து 1989 வரையான காலத்தில் ஜே.வி.பி.யின் அச்சுறுத்தலால் கடைகளோடு தியேட்டர்களும் மூடின. இந்தியப் பொருட்களைப் பகிஷ்கரிக்கச் சொன்னபோது இந்தியப் படமும் அதற்குள் அடங்கியது. தொண்ணூறுகளில் குண்டுவெடிப்புகளும் சோதனைச் சாவடிகளும். ஒன்பதரை மணிக் காட்சிக்குப் போய்விட்டு நள்ளிரவில் அடையாள அட்டையோடு தமிழ் பேசிக்கொண்டு வர யாருக்குத் துணிவு வரும்? பெயர் முஸ்லிம் பெயராக இருந்தாலும் வாயில் வருவது தமிழ். இரவுக் காட்சி செத்தது அப்படித்தான்.

ஐந்தாவது, காணியும் கணக்கும். எண்ணூறு பேர் இருக்கும் மண்டபத்தில் எண்பது பேர் இருந்தாலும் குளிரூட்டியும் மின்சாரமும் ஊழியர் சம்பளமும் ஒன்றுதான். டிக்கெட் காசில் வரி போய், விநியோகஸ்தர் பங்கு போய், மிச்சம்தான் உரிமையாளருக்கு. அதே நேரம் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு பேர்ச் காணி கோடிக்கணக்கில் பேசப்படுகிறது. பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது எறிகருவியையே மாற்ற வேண்டியும் வந்தது. முடியாதவர்கள் கதவைச் சாத்தினார்கள். ஒரே கட்டடத்தில் பல சிறிய அரங்குகள் வைத்தால் ஒரு படம் தோற்றாலும் இன்னொன்று கை கொடுக்கும். நுழைவாயில் ஒன்று, டிக்கெட் இடம் ஒன்று, சோளப்பொரிக் கடை ஒன்று. வாகனம் நிறுத்தவும் இடம் உண்டு. அந்தக் கணக்கோடு பழைய தியேட்டர் போட்டி போட முடியாது.

இது கொழும்பின் தனிக்கதையும் அல்ல. சென்னை அண்ணா சாலையில் 1964இல் மூன்று அரங்குகளோடு திறந்த சபையர் தொகுதி இன்று இல்லை. 1961இல் திறந்த சாந்தி தியேட்டர் 2016இல் மூடப்பட்டது. ஆனால் அங்கே தியேட்டர் போனாலும் தமிழ் போகவில்லை. எங்களுக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

ஐந்து கட்டடங்கள், ஐந்து முடிவுகள்

கொழும்பில் ஒரு தியேட்டருக்கு என்னென்ன நடக்கலாம் என்பதை ஐந்து கட்டடங்கள் காட்டுகின்றன. மெஜஸ்டிக் கடைத்தொகுதியாகிப் பெயரை வைத்துக்கொண்டது. றியோ எரிந்து, பழைய பெருமைக்குத் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் ஓவியக் கலைஞர்கள் அதன் கறுத்த சுவர்களுக்குள் கண்காட்சி வைத்தார்கள். எல்பின்ஸ்டன் எழுபதுகளில் அரசின் கைக்கு வந்து நாடக அரங்காயிற்று. திருத்தப்பட்டு 2016இல் மறுபடி திறக்கப்பட்டது. வெள்ளவத்தை சவோய் புதுக் கருவிகளோடு தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. லிபர்ட்டியும் புதுக் கோலத்தில், புது நிர்வாகத்தில் ஓடுகிறது.

ஆகவே 'கொழும்பில் சினிமா செத்துவிட்டது' என்று சொன்னால் பிழை. கொம்பனித்தெருவில் கொழும்பு சிட்டி சென்டரிலும், காலிமுகத்தில் வன் கோல் பேஸிலும் பல திரைகள் கொண்ட அரங்குகள் வந்திருக்கின்றன. 2019இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2020இன் கொவிட் முடக்கத்துக்குப் பிறகும், 2022இன் மின்வெட்டுக்குப் பிறகும் அவை திறந்துதான் இருக்கின்றன. செத்தது கலரி. புது அரங்கில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் படம் பார்த்து, ஆளுக்கு ஒரு குளிர்பானமும் குடித்தால் நாட்கூலிக்காரரின் பல நாள் உழைப்புப் போய்விடும். வாப்பாவைப் போன்ற புடவைக் கடைச் சிப்பந்திக்கு அங்கே வாங்கு இல்லை.

ஒரு வீட்டு விவாதம்

தொண்ணூறுகளில் எங்கட நானா மார்க்க விசயத்தில் கூடிய ஈடுபாடு காட்டத் தொடங்கினார். படம் பார்ப்பதை விட்டார். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. அவருடைய ஒழுக்கமும் தொழுகையும் எங்கள் எல்லாருக்கும் முன்மாதிரி. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு நானா இருந்தார்.

2010 அளவில் வாப்பாவுக்கு ஒரு பக்கம் வாதம் வந்தது. கொஞ்சம் தேறிய பிறகு ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மகன், ஒருக்கா தியேட்டருக்குப் போவமா?" நானா அறிந்தால் மனம் நோவார். மாடி ஏறுவதும் கஷ்டம். நான் இரண்டு காரணத்தையும் மனதில் போட்டுக் குழப்பிவிட்டு, "வீட்டிலேயே பாப்பம் வாப்பா" என்று டி.வி.டி. ஒன்று எடுத்து வந்து போட்டேன். அதே 'பாவ மன்னிப்பு'. பத்து நிமிசம் பார்த்தார். பிறகு, "இது படம் பாக்கிற இல்ல மகன், சும்மா பெட்டியப் பாக்கிற. நிப்பாட்டுங்க" என்றார். அடுத்த வருசம் வாப்பா வபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

அந்த வசனத்தை நான் பல வருசம் யோசித்திருக்கிறேன். அவர் கேட்டது படத்தை அல்ல. முன்னும் பின்னும் ஆட்கள், ஒரே இடத்தில் சிரிப்பு, ஒரே இடத்தில் மௌனம், தன்னைப் போன்றவர்களும் தன்னைப் போல் அல்லாதவர்களும். அதைத்தான் கேட்டார். கூட்டிப் போயிருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் ஏறாத படியா?

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "செல்லமஹாலுக்கு நாங்க போனது பஸ்ஸில இல்ல, வாப்பாட கூட்டாளிட வேனில. நீ வழியில சத்தி எடுத்தாய்" என்று திருத்தினார். நான் அப்படியே அந்த வரியை எடுத்துவிட்டேன். அவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பதிவு செய்ய வேண்டியவை

தியேட்டர்களைத் திரும்பக் கட்டச் சொல்லி நான் எழுதவில்லை. கலரி இனி வராது. எனக்குள்ள கவலை இரண்டு.

ஒன்று, மொழி. கொழும்பில் எங்கட பிள்ளைகளில் பெரும் பங்கினர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு நல்ல தமிழைக் காதில் போட்ட இடம் ஒன்று இந்த நகரத்தில் இருந்தது. அது போன பிறகு அந்த வேலையைச் செய்ய நாங்கள் எதை வைத்தோம்? பாடசாலை நாடகமா, வாசிகசாலையா, பள்ளிவாசல் பயானா? இவற்றில் எது வேண்டுமானாலும் செய்யலாம். ஒன்றும் செய்யாமல் இருக்க முடியாது.

மற்றது, நினைவு. எங்கட சமூக வரலாற்றை எழுதும்போது பள்ளிவாசல்களை எழுதுகிறோம், பாடசாலைகளை எழுதுகிறோம், தலைவர்களை எழுதுகிறோம். மக்கள் ஓய்வு நேரத்தில் எங்கே போனார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதை எழுதுவதில்லை, கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது. தியேட்டர்களில் டிக்கெட் கிழித்தவர்கள், மெஷின் ஓட்டியவர்கள், வாசலில் கச்சான் விற்றவர்கள் நம்மிலும் இருந்தார்கள். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க இன்னும் சில வருசங்கள்தான் உண்டு.

அந்தப் பத்தாந்தரப் பிள்ளைகளுக்கு அடுத்த கட்டுரைத் தலைப்பை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்: 'என் வீட்டுப் பெரியவர் பார்த்த முதல் படம்.' கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. கலரி என்றால் என்னவென்று கேட்ட பிள்ளை மறுநாளே வந்து, "சேர், எங்கட உம்மும்மா றியோவில படம் பாத்தீக்கிறாவாம்" என்றான். முகத்தில் அவ்வளவு ஆச்சரியம்.